நீர் நிற்காத நாற்காலி

மஞ்சு நாட்டில் மேகங்கள் தரையில் நடந்து திரிந்தன. காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு மேகம் நிற்கும். "கொஞ்சம் ஒதுங்கு" என்றால் ஒதுங்கும். அந்த நாட்டுக்கு ஓர் அரசர் இருந்தார். அரசருக்கு ஒரு மலை இருந்தது. மலையுச்சியில் ஒரு கலாசாலை இருந்தது. நாட்டில் வைத்தியராகவோ நீதிபதியாகவோ, ஏன், அரண்மனையில் விசிறி வீசுகிறவராகவோ ஆக வேண்டுமென்றால்கூட, அந்த மலையின் ஆயிரம் படிகளை ஏறி, ஐந்து ஆண்டு படித்து, பட்டயம் வாங்கிக்கொண்டு இறங்க வேண்டும். பட்டயம் இல்லாதவர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் அடிவாரத் தோப்புகளில் பழம் பறிக்கலாம், அதற்குத் தடையில்லை.

பழம் பறித்தவர்கள் தென்கரையார். அவர்கள் ஆற்றைத் தாண்டி வந்தவர்கள் என்று அரசாங்கக் குறிப்புகள் சொல்லின. அது பாதி உண்மை. சிலர் தாண்டி வந்தார்கள். மற்றவர்கள் எங்கேயும் போகவில்லை. பழைய அரசர் ஒருவருக்கு நாடு சின்னதாகத் தெரிந்த ஒரு மாரிக்காலத்தில், ஆறு தன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு தெற்கே போய்ப் படுத்துக்கொண்டது. தென்கரையில் உறங்கப் போனவர்கள் வடகரையில் கண் விழித்தார்கள். அன்றிலிருந்து "நீங்கள் எப்போது வந்தீர்கள்?" என்று எல்லோரும் அவர்களைக் கேட்கத் தொடங்கினார்கள்.

தென்கரையாரிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்த வாசலிலும் முதலில் நுழைகிறவர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பின்னால் வருகிறவர் வந்து கதவைக் கையில் வாங்கிய பிறகுதான் முன்னவர் உள்ளே போய் உட்காரலாம். பந்தியானாலும் இதுதான், பஞ்சாயத்தானாலும் இதுதான். இதனால் அவர்கள் விருந்துகளில் சோறு சற்று ஆறிப்போகும். ஆனால் யாரும் வெளியே நின்று திரும்பிப் போனதில்லை.

நெய்தலி இந்தத் தென்கரைப் பெண்தான். தோப்பில் பிறந்து, ஆயிரம் படி ஏறி, பட்டயம் வாங்கி, பிறகு அந்தக் கலாசாலையிலேயே நீர்நூல் ஆசிரியையாகவும் ஆனவள். அவள் இனத்தில் அங்கே ஆசிரியராக நுழைந்த முதல் ஆள். ஆறு ஏன் இடம் மாறியது என்பதைப் பற்றி ஒரு நூல் எழுத வேண்டும் என்பது அவள் ஆசை. முதல் அத்தியாயத்தின் முதல் வரியை வந்த முதல் வாரமே எழுதிவிட்டாள்.

இங்கே நாற்காலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மலையில் ஒவ்வொரு ஆசிரியருக்கும் இலவ மரத்தில் செய்த ஒரு நாற்காலி கொடுப்பார்கள். இலவம் மெத்தென்ற மரம். அதில் ஏழு ஆண்டு அமர்ந்து படித்து எழுதினால் இருக்கையில் ஒரு பள்ளம் விழும். ஏழாம் ஆண்டு மூன்று பரிசோதகர்கள் வெள்ளிச் சொம்போடு வந்து, இருக்கையில் ஒரு கை நீர் வார்ப்பார்கள். நீர் நின்றால் அவர் நிலை ஆசிரியர். ஆயுள் முழுக்க அவரை யாரும் அசைக்க முடியாது. வழிந்தோடினால் படியிறங்க வேண்டியதுதான். சில மூத்த பண்டிதர்களின் நாற்காலிகளில் ஒரு குழந்தையையே குளிப்பாட்டலாம். அவர்கள் அதில் உறங்கியே அந்தப் பள்ளத்தை அடைந்தார்கள் என்று பொல்லாதவர்கள் பேசிக்கொண்டார்கள். நீர் அதையெல்லாம் விசாரிக்காது.

இன்னொரு விதியும் இருந்தது. எந்த இனத்திலிருந்தும் முதல் ஆசிரியர் நிலைபெற்ற பிறகுதான் இரண்டாமவரை எடுப்பார்கள்.

நெய்தலி வந்த இரண்டாம் ஆண்டில் அரசருக்குக் கருணை பிறந்தது. கலாசாலை மாணவரில் நான்கில் ஒருவர் தென்கரையாராக இருந்தால், கோபுரத்தில் 'அரவணைப்பு மணி' என்ற பொன்மணியைத் தொங்கவிடலாம் என்று ஆணையிட்டார். அதைக் கேட்டதும் கலாசாலைத் தலைவர் சாந்தகம்பீரருக்குத் தென்கரையார்மேல் திடீரென்று பாசம் பொங்கியது. வாசல் அகலத் திறந்தது. முதல் நாள் எல்லோரும் படியேறி வந்தார்கள், வாசலில் தலை எண்ணினார்கள், மணி ஏறியது. அது அடித்த ஓசையில் மேகங்கள் மிரண்டு மூலைக்கு ஒன்றாய் ஓடின.

படியேறியவர்கள் எத்தனை பேர் பட்டயத்தோடு இறங்கினார்கள் என்பதை மட்டும் யாரும் எண்ணவில்லை. இறங்குகிறவர்களை எண்ணுவது மங்கலமில்லை என்று சாந்தகம்பீரர் விளக்கினார்.

அவர்கள் மழைக்காலத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். காரணம் மிகச் சின்னது. முதல் பாடம் சூரியன் உதிக்கும்போது தொடங்கும். தோப்பில் பழத்தையும் சூரியன் உதிக்கும்போதுதான் பறிக்க வேண்டும். வெயில் பட்டால் வெடித்துவிடும். பிள்ளைகள் வீட்டாரோடு நின்று பறித்து முடித்து, ஆயிரம் படியை ஓட்டமாய் ஏறி வந்து சேரும்போது சரியாக ஒரு நாழிகை கடந்திருக்கும். காவலர்கள் பாட அறையின் கதவை மூடியிருப்பார்கள்.

ஆசிரியர் கை பட்ட கதவைக் காவலர் மூடக் கூடாது என்பது மலையின் விதி. ஆகவே நெய்தலி தினமும் விடிகாலையில் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு மேகங்கள் அவளுக்குத் துணையாக நிற்கும். ஒரு நாழிகை கழித்து, விரலெல்லாம் பழச்சாறு ஒட்டியபடி பிள்ளைகள் மூச்சிரைக்க வந்து உள்ளே நழுவுவார்கள். அந்த வாசனை அறைக்குள் பரவும்போது அவளுக்குத் தன் நாற்காலி ஞாபகமே வராது.

ஒருத்திக்கு மட்டும் அது ஞாபகம் இருந்தது. அவள் பெயர் முளரி. இரண்டாம் ஆண்டு மாணவி. கணக்கில் புலி, வாயில் அதைவிடப் பெரிய புலி.

"அக்கா, நீங்க எப்ப உட்காருவீங்க?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"பின்னால ஒரு ஆசிரியர் வந்து கதவ வாங்கட்டும். அப்புறம் உட்காருறேன்."

"நீங்க நிலையானாத்தானே அந்த ரெண்டாவது ஆள எடுப்பாங்க?"

"ஆமா."

"உட்கார்ந்தாத்தானே நீங்க நிலையாவீங்க?"

"ஆமாடி."

"அப்ப ஆள் வராம நீங்க உட்கார மாட்டீங்க. நீங்க உட்காராம ஆள் வராது. இந்தக் கணக்க யாருக்கா போட்டது? எனக்கே சுத்துது."

நெய்தலி சிரித்தாள். அன்று பகலில், மாணவர் வெற்றியைக் கவனிக்கும் வெற்றித்துறை அமைச்சரைப் பார்க்கப் போனாள்.

வெற்றித்துறை அமைச்சர் வாகைமாலையார் எப்போதும் கழுத்தில் ஒரு மாலையோடுதான் இருப்பார். யாரும் போடாத நாளில் தாமே போட்டுக்கொள்வார்.

"ஐயா, முதல் பாடத்த ஒரு நாழிகை தள்ளி வச்சாப் போதும். வேற எதுவுமே வேண்டாம்" என்றாள் நெய்தலி.

அமைச்சர் கண்ணை மூடிக்கொண்டார். "ஒரு நாழிகையா! அம்மணி, எம் முன்னோர் சூரியனோடு செய்துகொண்ட உடன்படிக்கை அது. அதை மீற எமக்கு அதிகாரமில்லை. ஆயினும் தென்கரைச் செல்வங்களின் வெற்றி எம் உயிர்மூச்சு. அவர்தம் குரல் எல்லா அவைகளிலும் ஒலிக்க வேண்டாவா?"

மறுநாள் ஆணை வந்தது. மலையின் ஒவ்வொரு குழுவிலும் ஒரு தென்கரை ஆசிரியர் கட்டாயம் இடம்பெற வேண்டும். குழுக்கள் நாற்பத்தொன்று இருந்தன. தென்கரை ஆசிரியர் ஒருவர் இருந்தார்.

யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்கள். இங்கே பொரியையே நாற்பத்தொன்றாகப் பிய்த்தார்கள். நெய்தலி சமையலறைக் குழுவில் இருந்தாள், கொடிமரக் குழுவில் இருந்தாள், மேகம் நுழைவதைத் தடுக்கும் குழுவிலும் மேகத்தை வரவேற்கும் குழுவிலும் இருந்தாள். எல்லாக் குழுக்களுக்கும் ஒரே மாதிரி மண்டபம், ஒரே மாதிரி மஞ்சள் வெளிச்சம். சில நாள் எந்தக் குழுவில் இருக்கிறோம் என்பதே அவளுக்கு மறந்துபோகும். பேச்சுகள் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்கும். எல்லாக் குழுவிலும் அவள் ஒன்றையே சொன்னாள்: "ஒரு நாழிகை." எல்லாக் குழுவிலும் அதை மரியாதையோடு குறித்துக்கொண்டார்கள். கொடிமரக் குழு மட்டும் அது தங்கள் வரம்புக்குள் வராது என்று வருந்தியது.

அடுத்த ஆணை 'தென்கரைப் பாட்டு வாரம்'. தென்கரையார் மேகத்துக்குள் வழி தவறாமலிருக்க ஒருவருக்கொருவர் பாடிக்கொண்டே படியேறுவது வழக்கம். அதைக் கேட்டு மனமிளகிய சாந்தகம்பீரர், ஆண்டில் ஒரு வாரம் அந்தப் பாட்டைக் கொண்டாடலாம் என்றும், மற்ற வாரங்களில் அமைதி காக்கலாம் என்றும் முடிவு செய்தார். கொண்டாட்ட வாரம் தேர்வு வாரத்தோடு பொருந்தி வந்தது. பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டு ஆறாயிரம் காகிதப் பூ செய்தார்கள். மற்ற வாரங்களில் பாட்டில்லாமல் ஏறியவர்கள் மேகத்துக்குள் வழி தெரியாமல் பாதியிலேயே திரும்பினார்கள்.

பிறகு 'ஏன் இறங்குகிறார்கள்?' என்று ஆராய நாற்பத்திரண்டாவது குழு. அதில் நெய்தலிக்குப் பெருமைக்குரிய இடம் கொடுத்தார்கள். இறங்கிப் போன ஒருவரையாவது கூப்பிட்டுக் கேட்கலாம் என்று அவள் சொன்னாள்.

"இறங்கியோர் இப்போது கலாசாலையைச் சார்ந்தோர் அல்லர்" என்றார் வாகைமாலையார். "வெளியாரிடம் உள்விவகாரம் பேசுதல் முறையன்று."

மூன்று ஆண்டு ஆராய்ந்து அறிக்கை தந்தார்கள். படிகளின் தன்மையே அப்படி, அவற்றில் இறங்கவும் முடியும் என்று அது கண்டுபிடித்திருந்தது.

இப்படியே ஏழாம் ஆண்டு வந்தது. நெய்தலியின் நூலில் இன்னும் அந்த ஒரு வரிதான் இருந்தது: 'ஆறு தானாக நகர்வதில்லை.' வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் அதற்கடுத்த வரியை நின்றபடியே மனசுக்குள் எழுதியிருந்தாள். ஆனால் நாற்காலிக்கு மனசில் எழுதியது தெரியாது.

நீர்வார்ப்புக்கு முந்தைய மாலை முளரி அவள் அறைக்கு வந்தாள். இப்போது அவளுக்குக் கடைசி ஆண்டு. நடுவில் இரண்டு முறை இறங்கி, இரண்டு முறையும் திரும்பி ஏறி வந்தவள். பட்டயம் வாங்கியதும் அந்த இரண்டாவது நாற்காலிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று வைராக்கியமாக இருந்தாள். நாற்காலியைத் தடவிப் பார்த்தாள். தச்சன் இழைத்துக் கொடுத்த நாள் போலவே வழவழவென்று இருந்தது.

"இன்னைக்காவது உட்காருங்கக்கா" என்றாள்.

"ஏழு வருசத்த ஒரு சாயங்காலத்துல உட்கார முடியுமாடி?"

"நீங்க போயிட்டா நாளைக்குக் கதவு?"

நெய்தலிக்கும் அது ஒன்றுதான் பயம். வேலை போவதைப் பற்றி அவள் அழவில்லை. விடிகாலையில் அந்தக் கதவு மூடும் சத்தத்தை நினைத்துத்தான் அழுதாள்.

மறுநாள் மூன்று பரிசோதகர்கள் வந்து நீர் வார்த்தார்கள். அது நாற்காலியின் நாலு பக்கமும் வழிந்து, தரையில் ஓடி, வாசற்படி தாண்டிப் போனது. நீர்நூல் படித்தவள் என்பதால், அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நெய்தலி தன்னை அறியாமல் கவனித்தாள். தெற்கே ஓடியது.

"பெருந்துயரம்" என்றார் சாந்தகம்பீரர், நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இவரைப்போல் உழைத்தவர் இம்மலையில் இல்லை. நாற்பத்திரண்டு குழுக்கள்! ஆனால் நீருக்கு நாம் என்ன கட்டளையிட முடியும்?"

நெய்தலி படியிறங்கினாள். மணி அடிக்கவில்லை, அது ஏறுகிறவர்களுக்கு மட்டும் அடிப்பது.

அவள் இறங்கிய பிறகு மலைக்கு ஒரு சங்கடம் வந்தது. தென்கரை ஆசிரியர் ஒருவருமில்லாத கலாசாலையில் அரவணைப்பு மணி தொங்கலாமா என்று அரண்மனை கேட்டது. வாகைமாலையார் ஒரு மாலை முழுதும் யோசித்து, நெய்தலிக்குச் சிலை வைப்பதென்று முடிவு செய்தார். பெருவாசலின் நடுவில், கல் நாற்காலியில் அமர்ந்து, ஒரு கையால் கதவைப் பிடித்திருப்பதுபோல ஓர் அழகான சிலை. சிற்பி கெட்டிக்காரன்; ஆளைவிட இரண்டு மடங்கு பெரிதாகச் செய்தான். வாசல் அவ்வளவு பெரிதில்லை. சிலையை வைத்ததும் ஒல்லியானவர்கள் பக்கவாட்டில் நுழைய முடிந்தது. தோப்பிலிருந்து கூடையோடு வருகிறவர்களால் முடியவில்லை.

திறப்பு விழாவைப் பார்க்க நெய்தலியும் வந்து கூட்டத்தின் ஓரமாக நின்றாள். காவலன் அவள் தோளைத் தட்டினான்.

"அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. சிலைய மறைக்குறீங்க."

அவள் தள்ளி நின்றாள். விழாவை முன்னிட்டு அன்று முதல் பாடம் ஒரு நாழிகை தாமதமாகத் தொடங்கும் என்று கட்டியக்காரன் கூவினான். சூரியன் ஒன்றும் சொல்லவில்லை. அது பாட்டுக்கு உதித்து, மேலே ஏறிக்கொண்டிருந்தது. கூட்டத்தின் நடுவிலிருந்து முளரி வாய்விட்டுச் சிரிப்பது நெய்தலிக்குக் கேட்டது. கேட்கச் சகிக்காத சிரிப்பு அது.

அந்த வாரமே மழை வந்தது. சிலையின் மடிக்கும் நாற்காலிக்கும் நடுவே ஒரு கை நீர் தேங்கி நின்றது. பரிசோதகர்கள் சட்டப்புத்தகத்தைப் புரட்டினார்கள். நாற்காலியில் நீர் நின்றால் அவர் நிலை ஆசிரியர்; அவர் மூச்சு விட வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. சிலை ஆயுள் முழுக்க நிலை ஆசிரியராக அறிவிக்கப்பட்டது. நாற்பத்திரண்டு குழுக்களிலும் அதற்கு இடம் கொடுத்தார்கள். எதைக் கேட்டாலும் அது மௌனமாக இருந்தது. மௌனம் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள். இத்தனை ஒத்துழைப்புள்ள தென்கரை ஆசிரியரை மலை அதுவரை கண்டதில்லை.

முதலாமவர் நிலைபெற்றுவிட்டதால் இரண்டாமவரை எடுக்கலாம் என்று ஆனது. முளரி புதிதாக வாங்கிய பட்டயத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, சிலையின் பக்கவாட்டில் நுழைந்து போய் விண்ணப்பித்தாள்.

"மகிழ்ச்சி, மிக்க மகிழ்ச்சி" என்றார் சாந்தகம்பீரர். "ஆனால் இரண்டாமவரைச் செய்யச் சிற்பியிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டோமே."

முளரி பட்டயத்தை மறுபடி துணியில் சுற்றிக்கொண்டு இறங்கினாள்.

அடிவாரத்தில், ஆற்றோரத் தோப்பில் நெய்தலி பாடம் சொல்லத் தொடங்கியிருந்தாள். பழம் பறித்து முடித்த பிறகு, சூரியன் உதித்து ஒரு நாழிகை கழித்து. தோப்புக்கு முள்வேலி உண்டு. நுழையும் இடத்தில் ஒரு படல். நெய்தலி பழக்கத்தில் அந்தப் படலைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுகொண்டே நீர்நூல் சொல்லிக்கொண்டிருந்தாள். மேகங்கள் மலையிலிருந்து இறங்கி வந்து மரங்களுக்கிடையில் படுத்துக் கேட்டன. பறித்த கையோடு பிள்ளைகள் மண்ணில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் அவர்களின் அம்மாக்களும் உட்கார்ந்திருந்தார்கள். இடுப்பில் இருந்த கைக்குழந்தைகளும் கேட்டன.

முளரி வந்து படலில் கை வைத்தாள்.

"குடுங்கக்கா."

நெய்தலி புரியாமல் பார்த்தாள்.

"பின்னால ஆள் வந்துருச்சு. குடுங்க. போய் உட்காருங்க."

நெய்தலியின் விரல்கள் படலை விடவில்லை. இத்தனை ஆண்டுப் பிடி. முளரி ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள். நெய்தலி தள்ளாடியபடி போய்ப் பிள்ளைகளின் நடுவே மண்ணில் உட்கார்ந்தாள். முழங்கால்கள் வலித்தன. பக்கத்திலிருந்த ஒரு பெண்மணி அவள் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பிடித்துவிட்டாள். வெட்கத்தைவிட்டு நெய்தலி தேம்பித் தேம்பி அழுதாள். அழுது முடித்ததும் ஓலையை எடுத்து இரண்டாவது வரியை எழுதினாள்.

அந்த மாரியில் நல்ல மழை. நின்றதும் மேகமெல்லாம் விலகி, அரசர் உப்பரிகையிலிருந்து கீழே பார்த்தார். தோப்பு முழுக்க, மரத்தடியில், வரப்பில், ஆற்றோரத்தில், உட்கார்ந்த இடமெல்லாம் குழிந்து, ஒவ்வொரு குழியிலும் ஒரு கை நீர் நின்று மினுங்கியது. நூறு, ஆயிரம், எண்ண முடியவில்லை. வானம் துண்டு துண்டாகக் கீழே கிடந்தது.

"அங்கே மின்னுவது என்ன?" என்று கேட்டார் அரசர்.

மூன்று பரிசோதகர்களும் அதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுக் கையிலிருந்த வெள்ளிச் சொம்பை மேலாடைக்குள் மறைத்துக்கொண்டார்கள்.

"குட்டைகள், பிரபு" என்றார் வாகைமாலையார். "கொசு வரும். மண் போட்டு மூட ஆணையிடலாம்."

நாற்பத்திரண்டு குழுக்களும் கூடின. தென்கரை ஆசிரியர் வழக்கம்போல் மௌனமாகச் சம்மதித்தார். ஆணை பிறந்தது. ஆனால் மண் சுமக்க ஆள் வேண்டுமே. அந்த நாட்டில் மண் சுமப்பவர்களும் தென்கரையார்தான். நூறு பேர் கூடையும் மண்வெட்டியுமாக வேலிக்கு வந்தார்கள். முளரி படலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலில் வந்தவர் பழக்கதோஷத்தில் அதைக் கையில் வாங்கினார். முளரி உள்ளே போனாள். அடுத்தவர் வந்து வாங்கினார். முன்னவர் உள்ளே போய், கூடையை ஓரமாக வைத்துவிட்டு, பாடம் நடக்கிறதே என்று சும்மா கொஞ்சம் உட்கார்ந்தார். அப்படியே நூறு பேரும் உள்ளே போனார்கள். அடுத்த மழையில் குட்டைகள் இன்னும் அதிகமாயின.

மஞ்சு நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்று இந்தக் கதையைக் கேட்டவர்கள் விசாரிப்பதுண்டு. திசையைத் தேடி அலைய வேண்டாம். உங்கள் ஊரில் உயரமான ஒரு வாசல் இருக்கும். அதில் யாரோ கதவைப் பிடித்து நிற்பது தூரத்திலிருந்து அழகாகத் தெரியும். கிட்டே போய் அந்தக் கையைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்றிருந்தால் மாலை போட்டுவிட்டு வந்துவிடலாம். சூடாக இருந்தால், சீக்கிரம், கதவை வாங்கிக்கொள்ளுங்கள்.